வரிசையை எங்கே நிறுத்துவது?

2021 மே மாதம் மலேசியாவில் ஆஸ்ட்ராஸெனிகா தடுப்பூசிக்கான விருப்பப் பதிவு இணையத்தில் இரண்டு சுற்றுகளாக நடந்தது. மே 2-ஆம் தேதி முதல் சுற்று, சிலாங்கூருக்கும் கோலாலம்பூருக்கும் மட்டும். 268,600 இடங்கள் ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் முடிந்தன. மே 26 நண்பகல் 12 மணிக்குத் திறந்த இரண்டாம் சுற்றில் ஜொகூரும் சேர்ந்திருந்தது. அந்த மாநிலத்தின் கோத்தா திங்கிக்காரர்களும் மற்ற ஊர்க்காரர்களும் அதே நிமிடத்தில் அதே முகவரியைத் தட்டினார்கள். பலருக்குப் பக்கமே திறக்கவில்லை. சிலருக்குப் பாதி வழியில் நின்றுபோனது. ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் அன்றே தீர்ந்தன; தடுப்பூசித் திட்டத்துக்குப் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்பும் கேட்டார்.

முதல் சுற்றின் எண்ணை நொடிக்கணக்கில் வகுத்தால் ஒரு வேடிக்கை தெரியும். நொடிக்கு 21 பதிவுதான் வருகிறது. மேசைமேல் இருக்கும் சாதாரண மடிக்கணினியில் ஓடும் டேட்டாபேஸ்கூட நொடிக்குச் சில நூறு பதிவுகளை எழுதிவிடும். ஆகவே இப்படிப்பட்ட நாள்களில் கணினிகளைத் திணறடிப்பது முடிந்த வேலையின் அளவு அல்ல. வேலை முடியும்வரை வாசலில் நிற்கும் கூட்டத்தை வைத்துக்கொள்ளத் தெரியாததுதான் திணறடிக்கிறது. கூட்டத்தை எங்கே, எவ்வளவு செலவில், எவ்வளவு நேரம் நிறுத்திவைப்பது? கடந்த 25 ஆண்டுகளில் வெப் சர்வர் உலகில் நடந்த பெரிய சண்டைகளில் பாதி இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தவை. ‘ஈவென்ட்-டிரிவன்’, ‘நான்-பிளாக்கிங்’ என்ற இரண்டு சொற்களும் இந்தச் சண்டையில் ஒரு தரப்பின் கொடிகள். அந்தத் தரப்பு எதில் வென்றது, எதில் வென்றதாக நினைத்துக்கொள்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு கோரிக்கை சர்வருக்குள் 50 மில்லி நொடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பிராசஸர் உண்மையில் உழைப்பது இரண்டு மில்லி நொடி இருக்கலாம். மீதி 48-உம் காத்திருப்பு: டேட்டாபேஸ் பதில் சொல்ல வேண்டும், வேறொரு சேவையிலிருந்து விவரம் வர வேண்டும், கோப்பு வட்டிலிருந்து எழும்பி வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸை உருவாக்கிய ரயன் டால் 2009 நவம்பரில் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் மாநாட்டில் காட்டிய ஒரு பட்டியல் இன்றும் நிரலாளர்களிடையே சுற்றிவருகிறது. நினைவகத்தைத் தொட்டுவர சுமார் 250 பிராசஸர் சுழற்சிகள். வட்டைத் தொட்டுவர நான்கு கோடியே பத்து லட்சம். வலைப்பின்னலைத் தொட்டுவர 24 கோடி. வலைப்பின்னலிலிருந்து பதில் வருவதற்குள் பிராசஸர் கோடிக்கணக்கான வேலைகளை முடித்துவிடலாம் என்பது அதன் பொருள். ஆனால் பழைய முறையில் எழுதப்பட்ட சர்வரில், அந்தக் கோரிக்கைக்கென்று ஒதுக்கிய த்ரெட் என்ற இயங்கு இழை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

நிற்பதற்கும் செலவு உண்டு. லினக்ஸில் ஒரு த்ரெட்டின் அடுக்குக்காக வழக்கமாக 8 மெகாபைட் முகவரி இடம் ஒதுக்கப்படுகிறது. அவ்வளவையும் அது பயன்படுத்தாது என்றாலும், பத்தாயிரம் த்ரெட்டுகளை வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டிருப்பது இயங்குதளத்துக்கே சுமை. அதனால் பழைய சர்வர்கள் ஓர் உச்சவரம்பு வைத்தன. த்ரெட்டுக்குப் பதில் கோரிக்கைக்கு ஒரு பிராசஸ் ஒதுக்கும் அப்பாச்சி சர்வரின் ‘ப்ரீஃபோர்க்’ முறையில் அது இயல்பாக 256. ஒரே சமயத்தில் 256 கோரிக்கைகள். அடுத்தவர் வெளியே நிற்க வேண்டும்.

இந்த 256-ஐ நிரப்பப் பெரிய கூட்டம் தேவையில்லை, மெதுவான கைப்பேசிகள் போதும். ஜொகூரின் மாவட்டங்களில் பரப்பளவில் பெரியது கோத்தா திங்கி. பட்டணத்தை விட்டு ஃபெல்டா குடியேற்றங்களுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் உள்ளே போனால் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று இறங்கிக்கொண்டே போகும். ஒரு மெகாபைட் பக்கத்தை நொடிக்கு 100 கிலோபிட் வேகத்தில் இறக்க 80 நொடி ஆகும். பக்கத்தைத் தயாரிக்க சர்வருக்குப் பிடித்தது 50 மில்லி நொடி. அதைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி முடிக்க ஒரு நிமிடத்துக்கும் மேல். இப்படி 256 பேர் இருந்தால் கோலாலம்பூரில் ஃபைபர் வைத்திருப்பவருக்கும் பக்கம் திறக்காது. 2009-இல் வெளிவந்த ‘ஸ்லோலோரிஸ்’ என்ற தாக்குதல் கருவி இதையே ஆயுதமாக்கியது. ஒரே ஒரு கணினியிலிருந்து, வேண்டுமென்றே மெல்ல மெல்லப் பேசும் சில நூறு இணைப்புகள். பெரிய தளம் படுத்துவிடும்.

இதற்கு மாற்றான ஈவென்ட் முறை புதிதல்ல. ஒரே நிரல் பல இணைப்புகளைக் கவனித்து, எதில் தரவு வந்திருக்கிறதோ அதை மட்டும் தொடுவதற்கான ‘செலக்ட்’ என்ற வசதி 1983-இல் பெர்க்லி யூனிக்ஸிலேயே வந்துவிட்டது. ஆனால் அது ஒவ்வொரு முறையும் எல்லா இணைப்புகளையும் முதலிலிருந்து கடைசிவரை எண்ணிப் பார்க்கும். இணைப்புகள் ஆயிரக்கணக்கில் போனால் எண்ணுவதே முழுநேர வேலையாகிவிடும். ஒரு கணினி பத்தாயிரம் பேரை ஒரே சமயத்தில் ஏன் கவனிக்கக் கூடாது என்று 1999-இல் டான் கெகல் எழுதியபோது அந்தக் கேள்விக்கு ‘சி10கே’ என்று பெயர் நிலைத்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே விடை வந்தது: ஃப்ரீபிஎஸ்டியில் ‘கேக்யூ’ 2000-இல், லினக்ஸில் ‘ஈபோல்’ 2002-இல். இரண்டும் தயாராக இருக்கும் இணைப்புகளை மட்டும் எடுத்துக்கொடுக்கும். இந்த அடித்தளத்தின்மேல் ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் இருந்த இகோர் சிசோயெவ் எழுதி 2004 அக்டோபரில் வெளியிட்டதுதான் என்ஜின்எக்ஸ். மேலே சொன்ன ஒரு கோடு சிக்னல்காரரை அது எளிதாகக் கையாண்டது: பின்னாலிருந்த அப்பாச்சியிடம் பக்கத்தை ஒரே மூச்சில் வாங்கி வைத்துக்கொண்டு, அவருக்கு எவ்வளவு நேரமானாலும் ஊற்றிக்கொண்டிருக்கும். அப்பாச்சிக்கு உடனே விடுதலை. இந்த ஒரு காரணத்துக்காகவே ஏராளமான தளங்கள் அதை முன்னால் நிறுத்தின என்று சொன்னால் மிகையாகாது.

த்ரெட்டா, ஈவென்ட்டா என்ற கல்விப்புலச் சண்டை இதைவிடப் பழையது. 1978-இல் லாவரும் நீடமும் இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம், ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் மாற்றி எழுதலாம் என்று வாதிட்டார்கள். 1996-இல் ஜான் ஓஸ்டர்ஹவுட், பெரும்பாலான வேலைகளுக்கு த்ரெட் கெட்ட யோசனை என்று யூசெனிக்ஸ் மாநாட்டில் பேசினார். 2003-இல் பெர்க்லியின் வான் பேரன், கான்டிட், ப்ரூவர் மூவரும் ஈவென்ட்தான் கெட்ட யோசனை என்று கட்டுரை எழுதினார்கள். என் பார்வையில் 1978-இன் தீர்ப்பே கடைசியில் நின்றது. இடையில் வந்ததெல்லாம் அந்தந்தக் காலத்துக் கருவிகளின் குறைகளைப் பற்றிய சண்டை.

நோட்.ஜேஎஸ் புகழ்பெறக் காரணம் அதன் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் காத்திருக்கும் பழக்கமே இல்லாததுதான் முக்கியக் காரணம் என்பேன். பிரவுசருக்குள் வளர்ந்த மொழி அது. பொத்தானை அழுத்தினால் இதைச் செய், விவரம் வந்தால் அதைச் செய் என்றுதான் அதில் எழுதிப் பழகியிருந்தார்கள். பைத்தானில் ‘ட்விஸ்டட்’ போன்றவை முன்பே இருந்தன. ஆனால் அங்கே யாராவது ஒருவர் பழைய நூலகம் ஒன்றைக் கொண்டுவந்து நுழைத்து, எல்லோரையும் நிறுத்திவிடுவார். நோட் பழைய சுமை எதுவும் இல்லாத காலி வீட்டில் குடிபுகுந்தது.

அதன் உள்ளே நடப்பதை அருகில் போய்ப் பார்க்கலாம். ஒரே ஒரு த்ரெட் ஒரு சுழலில் ஓடுகிறது. இயங்குதளத்திடம், தரவு வந்திருக்கும் சாக்கெட்டுகள் எவை என்று கேட்கிறது. பட்டியல் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் எழுதிவைத்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. அந்த ஃபங்ஷன் டேட்டாபேஸுக்கு ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு, பதில் வந்தால் கூப்பிடு என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறது. சுழல் அடுத்த சாக்கெட்டுக்குப் போகிறது. காத்திருக்கும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆகும் செலவு நினைவகத்தில் சில கிலோபைட் குறிப்பு, அவ்வளவுதான். கோப்பு படிப்பது, முகவரி தேடுவது, கடவுச்சொல்லை ஹாஷ் செய்வது, தரவைச் சுருக்குவது போன்ற சில வேலைகளை இப்படிச் செய்ய முடியாததால், ‘லிப்யூவி’ என்ற அடித்தள நூலகம் அவற்றுக்காகத் தனியே ஒரு த்ரெட் குழுவை வைத்திருக்கிறது. இயல்பில் அந்தக் குழுவில் நான்கே பேர். த்ரெட்டே இல்லாத உலகம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட வீட்டின் பின்கட்டில் நான்கு த்ரெட்டுகள் வியர்வை சிந்திக்கொண்டிருப்பதைப் பலர் வருடக்கணக்கில் கவனிப்பதில்லை. முகவரி தேடல் மெதுவானதும், சம்பந்தமே இல்லாத கோப்பு வாசிப்பு ஏன் நிற்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

சுழல் ஒன்றே என்பதால் அதில் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது. இதுவே இந்த முறையின் முதல் விதி. அதிகம் மீறப்படும் விதியும் இதுதான். ஒரு தோட்ட அலுவலகத்தின் வருகைப் பதிவுத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பிகிரிப்ட் கணக்கை வேண்டுமென்றே கடினமாக வைப்பார்கள், திருடனுக்குச் சிரமமாக இருக்கட்டும் என்று. ஒன்றுக்கு 100 மில்லி நொடி. நிரலாளர் முடியும்வரை காத்திருக்கும் அதன் ‘சிங்க்’ வடிவத்தை எழுதிவிட்டால் அந்த 100 மில்லி நொடியும் சுழல் நின்றுவிடும். நொடிக்குப் பத்துப் பேர்தான் உள்ளே வர முடியும். காலையில் 300 பேர் ஒன்றாக வந்தால் கடைசி ஆளுக்கு 30 நொடி. அவர் மட்டுமல்ல, முகப்புப் பக்கத்தைச் சும்மா பார்க்க வந்தவரும் அதே வரிசையில் மாட்டிக்கொள்வார். த்ரெட் சர்வரில் ஒருவர் உட்கார்ந்தால் ஒரு நாற்காலி போகும். இங்கே ஒருவர் உட்கார்ந்தால் மொத்தக் கடையும் மூடும்.

உட்காருவது எப்போதும் கண்ணுக்குத் தெரியும் குற்றமாக இருக்காது. 2016 ஜூலை 20-ஆம் தேதி ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் முடங்கியது. காரணம், ஒரு பதிவின் நடுவே தொடர்ச்சியாக இருந்த சுமார் 20,000 வெற்றிடங்கள். முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை வெட்டும் ஒரு சிறிய ரெகெக்ஸ் (எழுத்து வடிவத் தேடல் விதி), அந்த வரியின் ஒவ்வொரு எழுத்திலிருந்தும் மறுபடி மறுபடி தொடங்கி, ஏறக்குறைய 20 கோடி ஒப்பீடுகளைச் செய்தது. 2019 ஜூலை 2-ஆம் தேதி கிளவுட்ஃப்ளேர் 27 நிமிடம் விழுந்ததும் ஒரு ரெகெக்ஸால்தான். முதலாவது ஈவென்ட் சுழலில் ஓடிய தளம் அல்ல. த்ரெட்டுகள் இருந்துமே இந்த நிலை. ஒற்றைச் சுழலாக இருந்தால் அப்படிப்பட்ட ஒரே ஒரு கோரிக்கை போதும்.

இனி, வாசலில் நிற்கும் கூட்டம் எதற்காகக் காத்திருக்கிறது என்று கேட்கலாம். எல்லாக் கூட்டமும் ஒன்றல்ல. ஈவென்ட் முறையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

சும்மா இருக்கவே வரும் கூட்டம் உண்டு. ஸோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ என்ற செய்திச் செயலிக்கு 2025 செப்டம்பரில் நடந்ததை நினைவுகூரலாம். நாளுக்கு மூவாயிரமாக இருந்த புதுப் பதிவுகள் மூன்றே நாளில் மூன்றரை லட்சமாக எகிறின, போக்குவரத்து நூறு மடங்கு, அவசரமாக சர்வர்களைக் கூட்டுகிறோம் என்று ஸோஹோவின் இணை நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். செய்திச் செயலியின் இயல்பு என்னவென்றால், ஒவ்வொரு கைப்பேசியும் நாள் முழுக்க ஓர் இணைப்பைத் திறந்து வைத்திருக்கும். அதில் பேச்சு நடப்பது எப்போதாவது. இது ஈவென்ட் முறைக்கென்றே பிறந்த வேலை. 2012 தொடக்கத்தில் வாட்ஸ்அப், ஃப்ரீபிஎஸ்டியும் எர்லாங் மொழியும் கொண்டு ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கிக் காட்டியது. அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு இயங்குதள த்ரெட் கொடுத்து நடக்காத காரியம் அது.

ஒரே பதிலைக் கேட்டு வரும் கூட்டம் இன்னொரு வகை. கோத்தா திங்கிக்கு இது நன்றாகப் புரியும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இரண்டு அலையாக ஜொகூர் ஆறு பட்டணத்துக்குள் வந்தது. இரண்டாவது அலை முதலாவதைவிட மோசம். அதன் பிறகு வடகிழக்குப் பருவமழை என்றாலே இங்குள்ளவர்களின் கண் ஆற்று மட்டத்தின் மேல்தான். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் அந்தந்த நிலையத்தின் மட்டம் வழக்கநிலை, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்ற நான்கு படிகளில் தெரியும். மழை கொட்டும் இரவில் ஐம்பதாயிரம் பேர் நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைப் புதுப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 833 கோரிக்கை. ஆனால் கேட்பது ஒரே எண். அதுவும் சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் மாறும். இதற்கு டேட்டாபேஸைத் தொடவே வேண்டியதில்லை. மாறியதும் ஒருமுறை எழுதி, நகலைத் தற்காலிக நினைவில் வைத்து, 15 நொடிக்கு அதையே எல்லோருக்கும் நீட்டினால் மிகச் சிறிய சர்வரும் தாங்கும். த்ரெட்டா ஈவென்ட்டா என்ற கேள்விக்கு இங்கே அநேகமாக மதிப்பே இல்லை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிவு வரும் காலையும் இதே ரகம். மதிப்பெண் முந்தைய நாளே தெரிந்த விவரம். பல தளங்களில் நகல் வைத்து, பதிவு செய்த கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பிவிட்டால், தட்ட வேண்டிய ஆள்களே குறைந்துவிடுகிறார்கள்.

ஒரே பதில் என்று நினைத்தது சட்டென்று ஆளுக்கொரு பதிலாக மாறும் தருணமும் உண்டு. 2019 ஜூலை 10, கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதி, மான்செஸ்டர். தோனி ஆடிக்கொண்டிருக்கும்போது ஹாட்ஸ்டார் நேரலையில் ஒரே சமயத்தில் பார்த்தவர்கள் 2 கோடியே 53 லட்சம். வீடியோத் துண்டுகள் எல்லோருக்கும் ஒன்றே. ஊர் ஊராக உள்ள நகல் சர்வர்கள் ஊற்றிவிடும். தோனி ரன் அவுட். மனம் உடைந்தவர்கள் கூட்டமாகப் பின்செல்லும் பொத்தானை அழுத்த, எல்லோரும் முகப்புப் பக்கத்துக்கு வந்துசேர்ந்தார்கள். முகப்போ ஆளுக்கேற்பத் தயாரிக்கப்படும் பக்கம். அதற்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருந்ததால் தப்பித்தோம் என்பதைப் பின்னர் அதன் பொறியாளர்கள் விவரித்திருக்கிறார்கள். ஏறும் கூட்டத்தைவிட இறங்கும் கூட்டம் ஆபத்தானதாக இருக்கலாம் என்பது தோனி ரசிகர்கள் இலவசமாகக் கொடுத்த பாடம்.

ஒரு பொருளுக்குப் பலர் போட்டியிடும் கூட்டத்தில்தான் ஈவென்ட் முறையின் எல்லை பளிச்சென்று தெரிகிறது. தடுப்பூசி இடம், காலை 10 மணிக்குத் திறக்கும் இந்திய ரயிலின் தட்கல் முன்பதிவு, கச்சேரி டிக்கெட் எல்லாம் இந்த வகை. ஒரு மையத்தில் ஒரு நாளுக்கு மீதமுள்ள இடம் என்பது டேட்டாபேஸில் ஒரே ஒரு வரி. அதிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது மற்றவர்கள் பூட்டுக்கு வெளியே நின்றாக வேண்டும். ஒவ்வொருவரும் பூட்டை ஐந்து மில்லி நொடி பிடித்தால் அந்த வரி நொடிக்கு 200 பேருக்கு மேல் தாங்காது. பூட்டைப் பிடித்துக்கொண்டே குறுஞ்செய்தி அனுப்பும் சேவையையும் கூப்பிட்டு அரை நொடி காத்திருந்தால் நொடிக்கு இரண்டே பேர். முன்னால் எத்தனை சர்வர் அடுக்கினாலும் இரண்டே பேர்தான். இன்னொரு சங்கதி: முன்னால் நவீன ஈவென்ட் சர்வர் நிற்கும், பின்னால் இருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இணைப்புக்கு ஒரு பிராசஸ் என்ற பழைய முறையில் ஓடும், இயல்பான வரம்பு நூறு இணைப்பு. பத்தாயிரம் பேரை உள்ளே விடும் வாசலும் நூறு பேர் மட்டும் நுழையும் சமையலறையும்.

காத்திருப்பைக் கணக்குப் பார்க்க 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி ஒன்று போதும்: உள்ளே இருக்கும் எண்ணிக்கை என்பது வரும் வேகத்தை ஒவ்வொருவரும் தங்கும் நேரத்தால் பெருக்கியது. நொடிக்கு ஆயிரம் பேர், ஆளுக்கு 50 மில்லி நொடி என்றால் எந்தக் கணமும் உள்ளே 50 பேர். டேட்டாபேஸ் திணறி ஐந்து நொடி ஆனால் 5,000 பேர். 200 த்ரெட் உள்ள பழைய சர்வர் மீதியை வாசலிலேயே திருப்பியனுப்பிவிடும். முரட்டுத்தனம்தான், ஆனால் உயிரோடு இருக்கும். ஈவென்ட் சர்வர் ஐயாயிரம் பேரையும் அன்போடு உள்ளே அழைக்கும். கையில் பிடித்திருக்கும் தரவையும் சேர்த்து ஆளுக்கு 200 கிலோபைட் என்றால் ஒரு ஜிகாபைட். நினைவகம் நிறைய நிறைய, குப்பை அள்ளும் வேலை அடிக்கடி சுழலை நிறுத்தும். சுழல் நிற்க நிற்க எல்லோரும் தங்கும் நேரம் கூடும். கடைசியில் பிராசஸே செத்து, ஐயாயிரம் பேரும் ஒன்றாக வெளியே விழுவார்கள்.

விழுந்தவர்கள் வீட்டுக்குப் போவதில்லை, மறுபடி தட்டுகிறார்கள். பக்கம் வரவில்லை என்று ஒருவர் மூன்று முறை புதுப்பித்தால் அவருடைய முதல் இரண்டு கேள்விகளும் டேட்டாபேஸில் ஓடிக்கொண்டேதான் இருக்கும்; பதிலை வாங்க ஆளில்லை. உச்சக்கட்டத்தில் டேட்டாபேஸ் செய்யும் வேலையில் பெரும்பகுதி இப்படி அனாதையாகிப்போன வேலை. ஆகவே கேட்டவர் போய்விட்டால் கேள்வியையும் ரத்து செய்வது, ஒவ்வொரு காத்திருப்புக்கும் காலக்கெடு வைப்பது, மறுமுயற்சிகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் அதில் கொஞ்சம் தற்செயலையும் கலப்பது ஆகியவை எந்த மொழியில் எழுதினாலும் தேவை. உள்ளே இருப்போர் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால் 503 (இப்போது சேவை இல்லை) என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பும் நான்கு வரி நிரல், பல சமயம் புதிய சர்வர் வாங்குவதைவிட அதிகம் உதவும். அதை எழுத நிரலாளர்களுக்கு மனம் வருவதில்லை. மேலதிகாரி கேட்டால் ‘வந்தவரைத் திருப்பியனுப்பினோம்’ என்று எப்படிச் சொல்வது!

ஒற்றைச் சுழலில் போட்டியே வராது என்ற நம்பிக்கையும் பொய். இடம் இருக்கிறதா என்று டேட்டாபேஸைக் கேட்டுவிட்டு ‘அவெய்ட்’ என்று நிற்கும் இடைவெளியில் இன்னொரு கோரிக்கை அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலை வாங்கிவிடும். ஒரே நாற்காலி இருவருக்கு. பார்ப்பதையும் எடுப்பதையும் டேட்டாபேஸுக்குள் ஒரே கட்டளையாக்குவதுதான் வழி.

போட்டிக் கூட்டத்துக்கு இன்று பரவலாகிவிட்ட தீர்வு, வரிசையை வெளிப்படையாக்குவது. வாசலுக்கு வெளியே ஒரு காத்திருப்பு அறை. உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் என்று சொல்லி, உள்ளே தாங்கும் அளவுக்கு மட்டும் விடுவது. 2021 ஜனவரியில் கிளவுட்ஃப்ளேர் தடுப்பூசிப் பதிவுத் தளங்களுக்கு இப்படி ஓர் அறையை இலவசமாகத் தந்தது. அந்த அறை முழுக்க முழுக்க ஈவென்ட் முறைக்கான வேலை, ஏனென்றால் அங்கே யாரும் எதுவும் செய்வதில்லை, நிற்கிறார்கள். இந்திய ரயில்வேயின் ஐஆர்சிடிசி வேறு திசையில் போனது: 2014-இல் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்ற திறனை 7,200 ஆக உயர்த்தியது, பிறகும் கூட்டியது. ஆனால் 2025 ஜூலையில் ஆதார் சரிபார்ப்பு, முதல் அரை மணி நேரம் முகவர்களுக்குத் தடை என்று வாசலில் நிற்கக்கூடியவர்களையே குறைக்க வேண்டிவந்தது. மலேசியா ஆஸ்ட்ராஸெனிகாவை அந்த இரண்டு சுற்றுக்குப் பிறகு பொதுத் தடுப்பூசித் திட்டத்துக்குள் சேர்த்துவிட்டது. பதிந்தவர்களுக்குத் தேதி குறித்து அனுப்புவதை சர்வர் தன் சொந்த வேகத்தில் இரவெல்லாம் செய்யலாம். நண்பகல் 12 மணி என்ற ஒன்றே இல்லை. கோத்தா திங்கியின் உள்தோட்டத்தில் ஒரு கோடு சிக்னலோடு இருப்பவருக்கும் பட்டணத்து ஃபைபர்காரருக்கும் அதில் சம வாய்ப்பு. முந்தியவருக்கே இடம் என்ற விதியில் அது ஒருபோதும் கிடைக்காது.

நிரல் எழுதுபவர்கள் பக்கம் திரும்பினால், கடந்த பத்தாண்டு ஒரு சமரசத்தின் கதை. கால்பேக்குக்குள் கால்பேக்காக வலப்பக்கம் சரிந்துகொண்டே போன பழைய நோட் நிரல்களைப் படித்தவர்களுக்கு அந்த வலி தெரியும். பிராமிஸ், அதன்மேல் அசிங்க்–அவெய்ட் என்று வந்து 2017-க்குப் பிறகு ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு நேர்க்கோட்டில் எழுதக்கூடியதாயிற்று. சி ஷார்ப் 2012-லும் பைத்தான் 2015-லும் அதே பாதையில் முன்பே போயிருந்தன. ஆனாலும் அசிங்க் ஃபங்ஷன்களைச் சாதாரண ஃபங்ஷன்களிலிருந்து கூப்பிட்டு அங்கேயே பதிலுக்குக் காத்திருக்க முடியாத தீண்டாமை மிச்சம் இருக்கிறது. கோ மொழி அதைச் சுற்றிக்கொண்டு போனது: த்ரெட் போலவே எழுதலாம், அடியில் ஈவென்ட் சுழல் ஓடும், ஒவ்வொரு கோரூட்டீனும் இரண்டு கிலோபைட் அடுக்கோடு தொடங்கும். 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21-இன் விர்ச்சுவல் த்ரெட்டும் அதே யோசனை. இரண்டும் ஒன்றே, வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம் என்ற லாவர்–நீடம் வாதம் 45 ஆண்டு கழித்து ஒரு மொழியின் வசதியாகவே வந்துசேர்ந்தது. இன்று புதிதாகத் தொடங்குபவர் ஈவென்ட் முறையைக் கையால் எழுத வேண்டிய காரணம் குறைந்துவிட்டது. ஆனால் அது அடியில் ஓடுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு மில்லியன் விர்ச்சுவல் த்ரெட் கிடைத்தாலும் டேட்டாபேஸ் இணைப்பு நூறுதான்.

சிறிய ஊரில், கோவிலுக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ தளம் செய்துகொடுப்பவர்களுக்கு இதில் எவ்வளவு தேவை? நாளுக்குச் சில ஆயிரம் வருகை உள்ள தளத்துக்கு முன்னால் என்ஜின்எக்ஸ், பின்னால் பிஎச்பி, நடுவே ஒரு நகல் நினைவு, தாராளமாகப் போதும். வாட்ஸ்அப்பைத் தாங்கிய முறை தைப்பூச அறிவிப்புப் பக்கத்துக்குத் தேவையில்லை. நேரலை உரையாடல், நகரும் வரைபடம், ஆற்று மட்டம் மாறியதும் கைப்பேசிக்குத் தள்ளும் எச்சரிக்கை என்று இணைப்புகள் திறந்தே இருக்க வேண்டிய வேலை வந்தால்தான் ஈவென்ட் முறை அவசியமாகிறது. அப்போதும் நோட் தளத்தை ஏற்றிவிட்டு, பிராசஸர் எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம். அது பத்து சதவீதத்திலேயே நிற்கும், தளம் தொங்கும். சுழலின் தாமதத்தை அளக்கும் வசதி நோட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்த எண் திடீரென்று நூறு மில்லி நொடியைத் தாண்டினால் நம் நிரலில் ஏதோ ஒரு வரி சுழலில் உட்கார்ந்திருக்கிறது. அது ஒற்றை இலக்கத்தில் இருக்கும்போதே நினைவகமும் நிலுவைக் கோரிக்கைகளும் மட்டும் ஏறினால், தாமதிப்பது நாமல்ல, நமக்குப் பின்னால் உள்ள ஏதோ ஒரு சேவை. அப்போது முன்னால் இன்னொரு சர்வரைச் சேர்ப்பது அந்தச் சேவையின் தலையில் இன்னும் ஒரு கூட்டத்தை இறக்கிவைப்பதாகத்தான் முடியும்.